வானிலிருந்து என் வயல் எவ்வளவு சரியாகத் தெரிகிறது? செயற்கைக்கோள் பயிர்க் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையில் சில பருவங்கள் தள ஆய்வுக்காக வரப்பு வரப்பாக நடந்திருக்கிறேன். செயற்கைக்கோள் படத்திலிருந்து தயாரித்த நெல் வரைபடம் ஒரு கையில், ஜிபிஎஸ் கருவி இன்னொரு கையில். வரைபடம் சொல்வது தரையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. போகிற இடத்திலெல்லாம் யாராவது மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு ஏதாவது கேட்பார்கள். அவற்றில் அடிக்கடி வந்தவையும், பயிர்க் காப்பீடு பற்றிப் பேச்சு வரும்போது நண்பர்கள் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் நெல்லை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பழக்கமான பயிர் அதுதான்.

என் வயலில் நிற்பது நெல் என்று செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அதற்குத் தெரிவது ஒளி மட்டும். சூரிய ஒளி பயிரின் மேல் விழுந்து திரும்பும்போது எந்த நிறம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். காய்ந்த மண்ணில் இந்த இரண்டுக்கும் அவ்வளவு வேறுபாடு இருக்காது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் எல்லாரும் பேசும் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீடு. அது -1 முதல் +1 வரை போகும். தண்ணீர் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். வெறும் மண் 0.1, 0.2 என்ற அளவில் நிற்கும். அடர்ந்த பயிர் 0.7ஐத் தாண்டும்.

இதில் ‘நெல்’ எங்கிருந்து வருகிறது? காலத்திலிருந்து. சேற்றுழவின்போது தண்ணீர், நடவு முடிந்த சில வாரங்களில் மெல்லிய பச்சை, பூக்கும் சமயத்தை ஒட்டி உச்சம், பிறகு பழுப்பு. இந்த ஏற்ற இறக்கம் நெல்லுக்கு ஒரு மாதிரி, கரும்புக்கு வேறு மாதிரி, பருத்திக்கு இன்னொரு மாதிரி. ஒரு நாள் படத்தைப் பார்த்து நெல் என்று சொல்பவர் ஊகிக்கிறார். ஒரு பருவத்துப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துச் சொல்பவரிடம் பேச்சுக்கு ஏதோ ஆதாரம் இருக்கிறது.

‘10 மீட்டர் துல்லியம்’ என்கிறார்கள். என் வயலுக்கு அது போதுமா?

முதலில், 10 மீட்டர் என்பது துல்லியம் இல்லை. படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பதன் அளவு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஏக்கருக்கு 40 புள்ளிகள் வரும். அமெரிக்காவின் லேண்ட்சாட் 30 மீட்டர். ஒரு புள்ளி 22 சென்ட், ஏக்கருக்கு நாலரைப் புள்ளி. இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளில் லிஸ்-3 கருவி 23.5 மீட்டர், லிஸ்-4 கருவி 5.8 மீட்டர். நாள்தோறும் படம் தரும் மோடிஸ் கருவிக்கு ஒரு புள்ளி 250 மீட்டர். அது பதினைந்தரை ஏக்கர், காவிரிப் படுகையின் பழைய நில அளவான வேலிக் கணக்கில் இரண்டேகால் வேலிக்குக் குறையாது. உங்கள் வயல், அடுத்தவர் வயல், வாய்க்கால், களம், மூங்கில் புதர் எல்லாம் சேர்ந்து அதில் ஒரே ஓர் எண்ணாகிவிடும்.

இப்போது ஒரு மா நிலத்தை எடுத்துக்கொள்வோம். 33 சென்ட், 20 மீட்டர் அகலம், 67 மீட்டர் நீளம் என்று வையுங்கள். பரப்பை மட்டும் பார்த்தால் சென்டினல்-2 படத்தில் 13 புள்ளிகள். ஆனால் புள்ளிகள் உங்கள் வரப்பைப் பார்த்துக்கொண்டு விழுவதில்லை. கோலத்துக்கு வைத்த புள்ளி போல அவை பாட்டுக்கு நேர்க்கட்டமாக விழும். வரப்புக்குள் முழுமையாக அடங்குபவை சராசரியாக ஆறு இருந்தால் அதிகம். வயல் சாய்வாகக் கிடந்தால் அதுவும் குறையும். மீதிப் புள்ளிகளில் பாதி உங்களுடையது, பாதி பக்கத்து வயலுடையது. பக்கத்து வயலில் அறுவடை முடிந்திருந்தால், பச்சையாக நிற்கும் உங்கள் பயிரின் ஓரமும் பழுத்தது போலத் தெரியும்.

அந்த ஆறு புள்ளிகளாவது என் நிலத்தில்தான் விழுகின்றனவா?

பெரும்பாலும். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் முன்னே பின்னே நகர்ந்திருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் நம் பக்கம் இருக்கிறது. சங்கிலி பிடித்து அளந்த காலத்துப் புலப்படத்தைக் கணினியில் ஏற்றி, படத்தின் மேல் பொருத்தும்போது கோடுகள் தள்ளிப் போகும். நான் போன ஒரு கிராமத்தில் எல்லைக் கோடுகள் மொத்தமாக ஒரு வயல் அகலம் மேற்கே நகர்ந்திருந்தன. கணினியைப் பொறுத்தவரை ஊரில் எல்லாருடைய பயிரும் அடுத்தவர் பட்டாவில் நின்றுகொண்டிருந்தது. படத்தில் பிழையே இல்லை.

‘இந்த வரைபடம் 90 விழுக்காடு சரி’ என்றால் என் வயலுக்கும் 90 விழுக்காடு சரியா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதத் தொடங்கினேன். கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடுவோம்.

தள ஆய்வில் 300 இடங்களைப் பார்த்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 200 இடங்களில் நெல், 100 இடங்களில் நெல் இல்லை. வரைபடம் 190 இடங்களை நெல் என்று காட்டுகிறது. அவற்றில் 180 உண்மையாகவே நெல், 10 தவறு. நெல் இல்லை என்று அது காட்டும் 110 இடங்களில் 90 சரி. மீதி 20 இடங்களில் நெல் நிற்கிறது, வரைபடத்துக்குத் தெரியவில்லை. சரியானவை 180ம் 90ம் சேர்ந்து 270. முந்நூறுக்கு 270, அதாவது 90 விழுக்காடு. அறிக்கையின் முதல் பக்கத்தில் வரும் எண் இதுதான்.

அதே கணக்கை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். ‘இங்கே நெல்’ என்று வரைபடம் சொன்னால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு 190க்கு 180, கிட்டத்தட்ட 95 விழுக்காடு. ‘இங்கே நெல் இல்லை’ என்று சொன்னால் சரியாக இருக்கும் வாய்ப்பு 110க்கு 90, அதாவது 82 விழுக்காடுதான். உங்கள் வயலைத் தரிசு என்று காட்டிய வரைபடம் உங்களுக்கு 90 விழுக்காடு வரைபடம் இல்லை. ஐந்தில் ஒன்று தவறக்கூடிய வரைபடம். காப்பீட்டு விவகாரத்தில் அடிபடுகிறவர் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒருவர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தில் ஒன்பது பங்கு நெல் நிற்கும் ஒரு வட்டாரத்தில், படத்தையே பார்க்காமல் ‘எல்லாம் நெல்’ என்று எழுதிக் கொடுத்தாலும் 90 விழுக்காடு சரி. ஆகவே விழுக்காட்டைக் கேட்பதற்கு முன் அந்தப் பகுதியில் நெல் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

சரிபார்த்த இடங்கள் எவை என்பதும் முக்கியம். தள ஆய்வு என்றால் ஜீப் போகும் சாலை ஓரம், பெரிய வயல், ஒரே பயிர் நிற்கும் இடம் என்று கால் தானாக அங்கேதான் போகும். நானும் விலக்கில்லை. மதியம் இரண்டு மணி வெயிலில் மூன்று வாய்க்கால் தாண்டி ஒரு குறுகிய துண்டு வயலைப் பார்த்துவர யாருக்கும் மனம் வராது. வரைபடம் தடுமாறுவதோ அந்தத் துண்டு வயலில்தான். இப்படிச் சேர்த்த புள்ளிகளை வைத்துச் சொல்லும் துல்லியம், நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டும் தேர்வு எழுத வைத்துப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைச் சொல்வது போன்றது.

அப்படியானால் மாவட்ட அளவில் சொல்லும் பரப்பும் தவறுதானா?

இல்லை. மேலே உள்ள கணக்கையே பாருங்கள். உண்மையில் 200, வரைபடத்தில் 190. வித்தியாசம் 5 விழுக்காடு. தனித்தனி இடங்களில் 30 தவறுகள் இருந்தும், நெல்லை விட்டதும் இல்லாததைச் சேர்த்ததும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மொத்தம் உண்மைக்கு அருகே வந்துவிடுகிறது. தள ஆய்வுப் புள்ளிகளைக் கொண்டு அந்த 5 விழுக்காட்டையும் திருத்திக்கொள்ள முறைகள் உண்டு. அதனால்தான் ஒரு வட்டத்தில் எத்தனை ஆயிரம் ஏக்கரில் சம்பா நடவு முடிந்தது என்று கேட்டால் செயற்கைக்கோள் நல்ல பதில் தரும். இன்னாருடைய மூன்று மாவில் நடவு முடிந்ததா என்று கேட்டால் திணறும்.

இந்த வேலை தொடங்கியதே பெரும் பரப்புக் கணக்குக்காகத்தான். லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டது. அடுத்து, 1974 முதல் 1977 வரை அமெரிக்காவில் நாசாவும் வேளாண் துறையும் சேர்ந்து லேஸி என்ற பெயரில் கோதுமைக் கணிப்பு நடத்தின. பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள், நாட்டின் உற்பத்தியை உண்மையிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் சொல்ல வேண்டும் என்பது இலக்கு. சோவியத் ஒன்றியத்தின் பரந்த கூட்டுப்பண்ணை வயல்களில் அது நன்றாக வேலை செய்தது. கனடாவில், பயிரும் தரிசுமாக மாறி மாறிப் பட்டை பட்டையாகக் கிடந்த குறுகிய வயல்களில் தடுமாறியது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, புள்ளி சிறியதாகிவிட்டது, நம் வயல்களும் பாகப்பிரிவினைக்குப் பாகப்பிரிவினை சிறியதாகிக்கொண்டே வருகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் வானமே தெரியாது. அப்போது படம் எப்படி வரும்?

ஒளியைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு வராது. சென்டினல்-2 வரிசையில் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைக் கடக்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 18 முறை கடக்கும். கடப்பது காலை பத்தரை மணியை ஒட்டி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த நேரத்தில் மேகம் இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சம்பா வளரும் காலமும் அதுதான். மேகம் மட்டும் எதிரி இல்லை. மேகத்தின் நிழல் விழுந்த வயல் வாடியது போலத் தெரியும். மெல்லிய கீற்று மேகம் கண்ணுக்குத் தெரியாமலே குறியீட்டைக் குறைத்துக் காட்டும். சில செயலிகள் இடைப்பட்ட நாட்களை நிரப்பி, இடைவெளியே இல்லாத அழகான வளைகோடு வரைந்து தருகின்றன. இரண்டு நல்ல படங்களுக்கு நடுவே இழுத்த கோடு அது. அந்த நடு நாட்களில் வயலில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

மழைக்காலத்துக்கு ரேடார்தான் கதி. ரேடார் செயற்கைக்கோள் தானே நுண்ணலையை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்கிறது. மேகம் தடுக்காது, இரவும் தடுக்காது. சேறு கலக்கித் தண்ணீர் நிற்கும் வயல் அதற்குக் கண்ணாடி போல. அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விட, வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர, தண்டிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி கூடும், வயல் வெளுக்கும். கறுத்துப் பிறகு வெளுக்கும் இந்த வரிசைதான் நெல்லின் கையெழுத்து. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ரைஸ் திட்டம் இதன் மேல்தான் நின்றது. ஆசியாவில் 13 இடங்களில் அந்த முறையைச் சோதித்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் நெல் பரப்பை அடையாளம் கண்ட துல்லியம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 2016-17 வறட்சியில் தமிழ்நாட்டில் பயிர் பொய்த்த கிராமங்களைக் கண்டறியவும் இந்த வரைபடங்கள் உதவின.

ரேடாருக்கும் நோய் உண்டு. அதன் படம் உப்பும் மிளகும் தூவியது போல இருக்கும். தனிப் புள்ளி ஒன்றின் எண்ணை நம்ப முடியாது; பல புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் பொருள் வரும். ஆறு புள்ளி மட்டுமே உள்ள ஒரு மா நிலத்தில் எதைச் சராசரி எடுப்பது? தண்ணீர் நிற்கும் வயலில் காற்று அடித்துச் சிற்றலை எழும்பினாலும் கறுப்பு கலைந்துவிடும். மேலும் ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 ஒன்று மட்டும் சுற்றும்போது 12 நாளுக்கு ஒருமுறைதான் படம். அதன் ஜோடியான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது; மாற்றாக வந்த 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. சேற்றுழவுக்கும் பயிர் மூடுவதற்கும் நடுவே இருப்பது சில வாரங்கள். அந்த இடைவெளியில் ஒரே ஒரு படம்தான் கிடைத்தது என்றால் அது தப்பினால் பருவமே தப்பியது போல.

நான் நடவு செய்வதில்லை, நேரடி விதைப்பு. அதுவும் தெரியுமா?

திருவாரூர், நாகப்பட்டினம் கடைமடைப் பகுதிகளில் இதைக் கேட்காத ஆள் இல்லை. ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வயலில், ‘முதலில் தண்ணீர்’ என்ற கட்டமே கிடையாது. நடவு வயலுக்கு எழுதிய விதியை அப்படியே பயன்படுத்தினால் அந்த வயல் நெல் பட்டியலில் ஏறாது. மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும்போது பயிர் ஏற்கெனவே முளைத்திருக்கும்; எதிரொலியின் ஏற்ற இறக்கம் வேறு மாதிரி இருக்கும். இதற்குத் தனி விதி எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் விதி எழுதுகிறவருக்கு ஊரில் புழுதி விதைப்பு உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.

தலைகீழ்த் தவறும் உண்டு. இறால் குட்டையும் வேதாரண்யத்து உப்பளமும் ஆரம்பத்தில் நடவு வயல் போலவே தெரியும். ஆனால் அவை வெளுக்காமல் கறுப்பாகவே இருந்துவிடும் என்பதால் பருவ முடிவில் கழிந்துவிடும். கரிசல் பக்கம், ராமநாதபுரம் பக்கம் போனால் சிக்கல் சீமைக் கருவேலம். ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் அந்த முள் மரம் தரிசு நிலத்தைச் சாகுபடி நிலம் போலக் காட்டும். ஒரே நாள் படத்தை வைத்து ‘பச்சை கூடியிருக்கிறது’ என்று மகிழ்ந்த அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வரும்.

மகசூலைச் செயற்கைக்கோள் சொல்லிவிடுமா?

நெல்மணியை அது பார்ப்பதில்லை. இலையைப் பார்த்து மணியை ஊகிக்கிறது. இலை அடர்த்தி, விதைத்த தேதி, மழை, வெப்பம், மண் எல்லாவற்றையும் பயிர் மாதிரி என்ற கணினிக் கணக்கில் கொடுத்து மகசூலைக் கணக்கிடுகிறார்கள். இதில் இரண்டு ஓட்டைகள்.

பயிர் நிலத்தை மூடிய பிறகு என்.டி.வி.ஐ. உச்சத்தில் போய் நின்றுவிடும். அதன் பிறகு இலை எவ்வளவு கூடினாலும் எண் அசையாது. ஏக்கருக்கு 25 மூட்டை காணும் வயலும் 35 மூட்டை காணும் வயலும் படத்தில் ஒரே பச்சை. சென்டினல்-2இல் சிவப்பு விளிம்பு என்ற மூன்று கூடுதல் அலைவரிசைகள் இந்த இடத்தில் கொஞ்சம் உதவும். ஆனால் அவற்றின் புள்ளி 20 மீட்டர், பத்து சென்ட். சிறு வயல்காரருக்குக் கை எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இரண்டாவது ஓட்டை பூத்த பிறகு வருவது. பூக்கும்போது கொட்டும் மழை, பால் பிடிக்கும்போது அடிக்கும் காற்று, கழுத்துக் குலைநோய், எலி. கதிர் பதராகிப் போனாலும் இலை பச்சையாகவே இருக்கலாம். தை மாத அறுவடை நேரத்தில் மழை பெய்து கதிரிலேயே முளை விட்டதை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காது.

அதைவிட அறுத்துப் பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை நம்பகமானது, இல்லையா?

அதற்காக வயலில் குறிக்கும் ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரத்துக்குள் நம்பகமானது. அங்கே உண்மையான நெல்லை அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். ஆனால் 25 சதுர மீட்டரை ஹெக்டேருக்குக் கொண்டுபோக 400ஆல் பெருக்க வேண்டும். தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும். சதுரத்தின் விளிம்பில் நிற்கும் குத்து உள்ளேயா வெளியேயா என்பதில் எத்தனை வாக்குவாதம் நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் கிராம அளவில் முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள். நான்கையும் சேர்த்தால் 100 சதுர மீட்டர். சென்டினல்-2 படத்தின் ஒரே ஒரு புள்ளி! ஒரு கிராமத்தின் மகசூலை ஒரு புள்ளி அளவு நிலத்தை அறுத்து முடிவு செய்கிறோம். செயற்கைக்கோள் எல்லாப் புள்ளிகளையும் பார்க்கிறது, ஆனால் எதையும் எடை போடுவதில்லை. பரிசோதனை எடை போடுகிறது, ஆனால் ஒரு புள்ளி அளவைத்தான் பார்க்கிறது. இரண்டையும் சேர்ப்பதுதான் விவேகம். 2023 காரீப் பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் யெஸ்-டெக் என்ற பெயரில் தொழில்நுட்பம் சொல்லும் மகசூலுக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தர வேண்டும் என்று விதி வந்தது இதனால்தான். ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிர் மாதிரியைச் சீர்செய்வதும் சோதிப்பதும் இதே அறுவடைப் பரிசோதனை எண்களை வைத்துத்தான். சதுரத்தை நல்ல பயிர் நிற்கும் இடமாகப் பார்த்துப் போட்டிருந்தால், கணினியும் அந்த ஊரில் எல்லாரும் நன்றாக விளைத்தார்கள் என்றே கற்றுக்கொள்ளும்.

காப்பீட்டு இழப்பீட்டைச் செயற்கைக்கோள் தீர்மானித்தால் நமக்கு நல்லதா, கெட்டதா?

எந்தக் கேள்விக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு காப்பீட்டு அலகில், அதாவது இழப்பை மொத்தமாகக் கணக்கிடும் ஊர் போன்ற பகுதியில், 75 விழுக்காட்டுக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு தரப்படும் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி பரப்பைப் பற்றியது. செயற்கைக்கோளுக்குப் பிடித்த கேள்வி. வறட்சியில் 95 விழுக்காடு நிலம் தரிசாகக் கிடந்தால் அது சட்டென்று சொல்லிவிடும். யாரும் நேரில் வந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் உண்மை 77 விழுக்காடாக இருந்து, வரைபடம் 5 விழுக்காடு முன்னே பின்னே போகக்கூடியது என்றால்? 72 என்று எண் வந்து ஊர் முழுக்க வெறுங்கையோடு நிற்கும். எல்லைக் கோட்டுக்கு அருகே விழும் அலகுகளுக்கு மட்டுமாவது ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வெள்ளத்தில் நேர் எதிர். மூன்று நாள் பயிரை மூழ்கடித்துவிட்டு வடிந்த தண்ணீர், இரண்டு ரேடார் படங்களுக்கு நடுவே வந்து போயிருந்தால் தடயமே இருக்காது. இலை நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தால் பயிர் நன்றாக இருப்பது போலவே எதிரொலி வரும். மழைக்கு மறுநாள் தேதியோடும் இடக் குறிப்போடும் நீங்கள் எடுத்த கைப்பேசிப் படம் அந்த இடத்தில் செயற்கைக்கோளைவிடப் பெரிய சாட்சி.

பூச்சி, நோய் தாக்குதலை முன்கூட்டியே காட்டுமா?

முன்கூட்டியே என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கேளுங்கள். புகையான் பூச்சி தண்டின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்து உறிஞ்சும். மேலே இலை பச்சையாக இருக்கும்வரை வானத்துக்கு எதுவும் தெரியாது. வட்ட வட்டமாகக் கருகிய பிறகு தெரியும். அப்போது உங்களுக்கும் தெரியும். மேலும், பயிர் மஞ்சளானது தழைச்சத்துக் குறைவாலா, துத்தநாகக் குறைவாலா, நோயாலா, இல்லை முற்றியதாலா என்று நிறத்தை வைத்து மட்டும் பிரிப்பது கடினம். ‘இந்த மூலையில் ஏதோ சரியில்லை, போய்ப் பாருங்கள்’ என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொண்டால் பயன் உண்டு. பத்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவிதான். அரை ஏக்கர்க்காரர் வரப்பில் ஒரு நடை நடந்தால் போதும்.

தென்னை, வாழைக்கு?

மரங்களை ஒவ்வொன்றாக எண்ண ஒரு மீட்டருக்கும் குறைந்த புள்ளி வேண்டும். இலவசப் படங்களில் அது கிடையாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அப்படிப்பட்ட பேரழிவு 10 மீட்டர் படத்தில் பச்சை குறைந்ததாகத் தெரியும். உங்கள் தோப்பில் 40 மரம் போனதா 60 மரம் போனதா என்று தெரியாது. தென்னைக்கும், தொலைவிலிருந்து படமெடுத்து ஆராயும் தொலையுணர்வுத் துறைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1970ஐ ஒட்டிக் கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோயைக் கண்டறிய, பி.ஆர். பிஷாரடி தலைமையிலான குழு ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்தது. இந்தியாவில் இந்தத் துறை தொடங்கியதே அங்கிருந்துதான் என்பார்கள்.

கைப்பேசிச் செயலியில் என் வயல் போன வாரம் பச்சை, இந்த வாரம் சிவப்பு. பயந்துவிட்டேன்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். பல செயலிகள் அந்தந்த நாள் படத்தில் உள்ள குறைந்த எண்ணைச் சிவப்பாகவும் கூடிய எண்ணைப் பச்சையாகவும் விரித்துக் காட்டும். வயல் முழுவதும் 0.78க்கும் 0.84க்கும் நடுவே செழிப்பாக இருந்தாலும் 0.78 உள்ள மூலை சிவப்பாகிவிடும். எண் உண்மையாகவே விழுந்திருந்தால், அந்த நாளின் இயல்பு நிறப் படத்தைத் திறந்து மேகமோ நிழலோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அண்டை வயல்களையும் பாருங்கள். ஊர் முழுக்க ஒரே நாளில் விழுந்திருந்தால் அது வானத்தின் வேலை, பூச்சியின் வேலை இல்லை.

கூகுள் வரைபடத்தில் தெரியும் என் வயல் இன்றைய படமா?

இல்லை. மாதங்களோ ஆண்டுகளோ பழையது. வரப்பையும் கிணற்றையும் பார்க்க நல்லது, பயிரைப் பார்க்க உதவாது.

நிசார் வந்துவிட்டது. இனி இந்தக் குறையெல்லாம் தீருமா?

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. சென்டினல்-1இன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டரை ஒட்டியது. அது இலைப் பரப்பிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். நிசாரின் நீண்ட அலை 24 சென்டிமீட்டர். பயிரை ஊடுருவி மண் ஈரம் வரை போகும். கரும்பு போன்ற உயர்ந்த பயிர்களுக்கும் ஈரக் கணக்குக்கும் இது நல்ல செய்தி. சுற்று அதே 12 நாள்தான். வரப்பும் அதே வரப்புதான்.

வரைபடத்தில் என் வயலைத் தரிசு என்று காட்டிவிட்டார்கள். என்ன கேட்பது?

கோபப்படுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தத் தேதிப் படங்கள்? ஒளிப் படமா, ரேடாரா? புள்ளி எத்தனை மீட்டர்? ‘நெல் இல்லை’ என்று காட்டிய இடங்களைத் தனியாகச் சரிபார்த்ததில் எத்தனை விழுக்காடு சரி? நான்காவது கேள்விக்கு மொத்தத் துல்லியத்தைச் சொல்லி மழுப்பினால் விடாதீர்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பயிர்ப் பதிவேடான அடங்கலில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்; புல எண்ணும் உட்பிரிவும் வரைபடத்தில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயலின் நடுவே நின்று இடக் குறிப்போடு நாலு திசைக்கும் ஒவ்வொரு படம் எடுத்து வையுங்கள். வரப்பில் நின்று எடுக்காதீர்கள். கைப்பேசி ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தவறினால் அந்தப் படமும் பக்கத்து வயலின் கணக்கில் போய்விடும்.